பெருந்தமனி வீக்கத்துக்கு ஸ்டென்ட் வைத்த பிறகும் ஸ்கேன் எதற்கு?

அப்பாவுக்கு வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்குத் தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் (உலோக வலை தாங்கும் துணிக்குழாய்) வைத்தாயிற்று, நன்றாக இருக்கிறார், அப்புறம் ஏன் ஆண்டுதோறும் ஸ்கேன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீங்கிய பை இன்னும் உள்ளேயேதான் இருக்கிறது. கிராஃப்ட் அதற்குள் ரத்தத்துக்கு வேறு பாதை போட்டிருக்கிறது, அவ்வளவுதான். கிராஃப்டின் நுனியிலோ இணைப்பிலோ கசிந்தால் பையில் அழுத்தம் ஏறி வெடிக்கலாம். பெரும்பாலும் வலிகூட இருக்காது, அதுதான் பயம். இந்தக் கசிவைத் தாமதிக்காமல் சரிசெய்ய வேண்டும். ஆனால் இன்னொரு வகை, பக்கத்துச் சிறு தமனிகளிலிருந்து பைக்குள் பின்னோக்கி வரும் கசிவுதான் அதிகம். அதைப் பை பெரிதாகாதவரை பொதுவாகக் கண்காணித்தாலே போதும்.

வழக்கமாக முதல் மாதத்தில் சிடி ஸ்கேன், பிறகு ஆண்டுக்கொருமுறை பரிசோதனை. கசிவில்லாமல் பை சுருங்கினால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் அல்ட்ராசவுண்டே போதும் என்பார்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு, சிடிக்காக ஏற்றும் சாய மருந்தையும் இதனால் தவிர்க்கலாம். பழைய ஸ்கேன்களைத் தூக்கிப் போடாதீர்கள். பையின் 5 மில்லிமீட்டர் வளர்ச்சியைக்கூட அவற்றோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிப்பார்கள்.