நிற்கும் எஞ்சினும் கடற்காற்றும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரத்மலானையில் நிற்கும் எங்கள் பயிற்சி விமானம் (லைக்கோமிங் ஓ-320, நான்கு சிலிண்டர்) இன்னும் ஆறேழு மாதத்துக்குப் பறக்காது. கிழமைக்கொரு தடவை பத்து நிமிடம் ஓடவிட்டால் போதும்தானே? – தெஹிவளை வாசகர்

பதில்: போதாது, கேடும்கூட. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி புகையோடு போய்விடும். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் சொச்சம்தான் வில்லங்கம். ஒயில் 74 பாகை செல்சியஸைத் தாண்டிச் சற்று நேரம் நின்றால்தான் அது ஆவியாகி வெளியேறும். தரையில் பத்து நிமிடம் ஓடினால் சிலிண்டர் ஹெட் சூடாகும், ஒயில் போதிய அளவு சூடேறாது. தேங்கும் நீர் எரிகழிவோடு சேர்ந்து அமிலமாகிறது.

ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிடுவதும் வேண்டாம். சிலிண்டர் சுவரிலும், வால்வுகளை இயக்கும் கேமிலும் மிஞ்சியிருக்கும் ஒயில் படலத்தை அது வழித்துவிடும். லைக்கோமிங்கில் கேம்ஷாஃப்ட் (கேம்கள் உள்ள தண்டு), பிஸ்டன்கள் சுற்றும் கிராங்ஷாஃப்டுக்கு மேலே இருப்பதால் முதலில் காய்வது அதுதான். அங்கே ஊசிமுனை அளவு துரு விழுந்தால் கேம் தள்ளும் டேப்பெட்டின் முகம் செதில் செதிலாகப் பெயர்ந்து ஒயில் ஃபில்டரில் உலோகத் துகளாக வந்து நிற்கும். பிறகு எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான். ஈரப்பதம் கூடிய இடங்களில், புது எஞ்சின் சிலிண்டரில் இரண்டே நாளில் துரு பிடிக்கலாம் என்று லைக்கோமிங்கே எச்சரிக்கிறது. 30 நாளுக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தாலே காப்பு வேலை செய்துவிடுங்கள்.

பழைய ஒயிலைச் சூட்டோடு வடித்துவிட்டு, ஏரோஷெல் 2எக்ஸ்என் போன்ற துருத்தடுப்பு ஒயில் செறிவு ஒரு பங்குக்கு விமான மினரல் ஒயில் மூன்று பங்கு கலந்து ஊற்றுங்கள். உங்கள் எஞ்சின் கொள்ளும் 7.6 லீற்றருக்குச் செறிவு 1.9 லீற்றர். கலந்தே வரும் 2எஃப் கிடைத்தால் இந்தக் கணக்கு வேண்டாம். ஒயில் 82 பாகைக்குக் குறையாமல் ஏறும்வரை ஓட்டி, நிறுத்தி, ஆறவிடுங்கள்.

ஸ்பார்க் பிளக் வயர்களை, கீழ்வரிசை உட்பட, எல்லாவற்றையும் கழற்றிய பிறகே ப்ரொப்பெல்லரில் கை வையுங்கள். மேல் பிளக்குகளை எடுத்து, ஒவ்வொரு பிஸ்டனும் அடிமட்டத்தில் இருக்கும்போது அதே ஒயிலைப் பனிபோலத் தெளியுங்கள். எந்தப் பிஸ்டனும் உச்சியில் நிற்காதபடி கிராங்கை நிறுத்தி, இன்னொரு தடவை மேலிருந்து கீழாகத் தெளித்தால் சுவர் முழுதும் நனையும். சிலிண்டருக்குச் சுமார் 60 மில்லிலீற்றர் கணக்கு. அதற்குப் பிறகு கிராங்கை அசைக்கவே கூடாது. பிளக் துளைகளில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் நிரப்பிய டீஹைட்ரேட்டர் பிளக். எக்ஸோஸ்டிலும் கார்புரேட்டர் வாயிலும் சிலிக்கா ஜெல் பை, மேலே ஈரம் புகாத மூடி.

பலர் கோட்டை விடுவது, எஞ்சினின் உள்காற்று வெளியேறும் பிரீதர் குழாயில். நுனி பனியில் அடைத்தாலும் காற்றுப் போவதற்காகப் பல விமானங்களில் அந்தக் குழாயில் சற்று மேலே ஒரு சிறு துளை இருக்கும். நுனியை மட்டும் ஒட்டிவிட்டு அதை மறந்தால், உள்ளே வைத்த ஜெல் இரத்மலானையின் உப்புக் காற்றையே உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மூடியிலும் சிவப்பு நாடா. ப்ரொப்பெல்லரில் ‘சுற்றாதே’ அட்டை.

மீண்டும் ஓட்டுவதற்கு முன் பைகளை எண்ணி எடுங்கள். கீழ்ப் பிளக்குகளையும் கழற்றி, கையால் சில சுற்றுச் சுற்றித் தேங்கிய ஒயிலை வடித்த பிறகே ஸ்டார்ட்டரைத் தொடலாம். ஒயில் நிறைந்த சிலிண்டரில் ஸ்டார்ட்டர் இழுத்தால் கனெக்டிங் ரொட் வளையும்.

கேள்வி: நிறம் மாறிய சிலிக்கா ஜெல்லைக் காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாமா? – கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: பாவிக்கலாம். நீலம் இளஞ்சிவப்பானால் 120 பாகையில் சில மணி நேரம், நீலம் திரும்பும்வரை. பிளாஸ்டிக் பிளக்கிலிருந்து மணிகளைக் கொட்டிவிட்டே சூடாக்குங்கள், இல்லாவிட்டால் உருகும். நீல நிறம் கோபால்ட் குளோரைட் என்ற நச்சுப் பொருளால் வருவது. சமையல் ஓவன் பக்கமே போகவேண்டாம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கிழமைக்கொரு தடவை நிறம் பார்ப்பது நல்லது. ஒரு பிளக் மட்டும் மற்றவற்றுக்கு முந்தி மாறினால், ஜெல்லை மாற்றுமுன் அந்தப் பக்கத்து ஒழுக்கைத் தேடுங்கள்.

கேள்வி: கட்டுநாயக்காவில் நிற்கும் ஜெட் எஞ்சின்களுக்கும் இதே முறையா? – மாணவர், வெள்ளவத்தை

பதில்: இல்லை. அங்கே ஆபத்து பெயரிங்குகளுக்கும் எரிபொருள் கட்டுப்பாட்டுப் பாகங்களுக்கும். நீண்ட காலம் நிற்பதானால் எரிபொருள் பாதையில் ஜெட் எரிபொருளை அகற்றி 1010 தர மினரல் ஒயில் ஏற்றுவது வழக்கம். அது எரிபொருள் பாதைக்கு மட்டும். எஞ்சின் ஒயில் டாங்கியில் ஊற்றக் கூடாது. கழற்றிய எஞ்சினை ஜெல்லோடு ஈரம் புகாத உறையில் போட்டு, உறையின் கண்ணாடித் துண்டு வழியே ஈரப்பத அட்டையைப் பார்க்கிறார்கள். எந்த அளவில் ஜெல்லை மாற்றுவது என்பது அந்தந்த எஞ்சினின் கையேட்டில் இருக்கும்.