வீடு உங்கள் பெயரில். கட்டும்போது உங்கள் இடம் எது?

விழுப்புரம் மாவட்ட வாசகி ஒருவர் கேட்கிறார்: “பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் என் பெயரில் வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். கணவர் வெளியூரில் வேலை பார்க்கிறார். கூலியை மிச்சப்படுத்த நானே சித்தாள் வேலை செய்யலாமா, அல்லது மொத்தத்தையும் மேஸ்திரியிடம் விட்டுவிடலாமா?”

இரண்டும் வேண்டாம் என்பதே என் கருத்து. நீங்கள் மண் சுமந்தால் ஒரு நாள் கூலி மிஞ்சும். ஆனால், அந்த நேரத்தில் கலவையைக் கவனிக்க ஆளில்லாமல் போவதால் வரும் இழப்பு அதைவிடப் பெரிது. மொத்த ஒப்பந்தமோ திட்ட விதிக்கே புறம்பானது; பயனாளி தாமே கட்ட வேண்டும் அல்லது தம் மேற்பார்வையில் கட்டுவிக்க வேண்டும். தவணைத் தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கே வருவதால், சிமென்ட்டையும் கம்பியையும் நீங்களே வாங்கி, பேஸ்மட்டம் (தரை மட்டம் வரையிலான அடிப்பகுதி), லிண்டல் (கதவு, சன்னலுக்கு மேல் வரும் விட்டம்), தளம் (கூரைக் கான்கிரீட்) எனக் கூலியைப் பிரித்துப் பேசி, அந்தந்த வேலை முடிந்த பின்னரே கொடுங்கள்.

வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு, சமையலிடத்தையும் சேர்த்து, 25 சதுர மீட்டர்தான். எனவே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன்பே தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அடுப்பு, சன்னல், கதவு ஆகியவற்றின் இடத்தை நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள். சுவர் எழும்பிய பிறகு மாற்றினால் செலவு கூடும்.

தளம் போடும் நாள்தான் மிக முக்கியமானது. ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற கலவைக்கு, 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் சேரக் கூடாது. மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைய வேண்டும். வேலை சுலபமாக ஓட வேண்டுமென்று ஆள்கள் தண்ணீரைத் தாராளமாக ஊற்றுவார்கள். கான்கிரீட்டின் வலிமை குறைவது அங்கேதான். வீட்டுக் குடம் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று முந்தைய நாளே அளந்து, மூட்டைக்கு எத்தனை குடம் என்று எண்ணி ஊற்றச் செய்யுங்கள். கம்பி சென்ட்ரிங் பலகையைத் தொடாதபடி அடியில் கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) இருக்கிறதா என்பதையும் கலவை கொட்டும் முன் குனிந்து பாருங்கள். பிபிசி (PPC; நிலக்கரிச் சாம்பல் போன்றவை கலந்த) சிமென்ட் எனில், தளத்தின் மேல் பாத்தி கட்டிக் குறைந்தது 10 நாள், வெயில் காலத்தில் 14 நாள் தண்ணீர் தேக்க வேண்டும்.

பெண் கேட்டால் சிரித்து மழுப்பும் கொத்தனார்களும் உண்டு. ஊராட்சி ஒன்றிய ஓவர்சீயரிடம் (பணி மேற்பார்வையாளர்) இந்த அளவுகளைத் தாளில் எழுதி வாங்கிக் காட்டுங்கள். தளம் போடும் அன்று கணவர் விடுப்பில் வந்தால், ஆள்களுக்கான சமையலை அவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கலவையருகே நீங்கள் நில்லுங்கள்.