பழைய வீட்டுக் கணினிகளில் கேசட்டிலிருந்து விளையாட்டை ஏற்ற ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று?

கேசட்டிலிருந்து ஏற்றுதல் என்பது, நாடாவில் ஒலியாகப் பதிந்திருக்கும் நிரலைச் சாதாரண டேப் ரெக்கார்டர் வழியாகக் கணினியின் நினைவகத்தில் சேர்ப்பதாகும். 1982-இல் பிரிட்டனில் வெளிவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணினியில், நிரலின் இரு இலக்கங்களில் பூஜ்யம் குறுகிய துடிப்பாகவும் ஒன்று அதன் இரு மடங்கு நீளமான துடிப்பாகவும் பதிவானதால், நொடிக்குச் சுமார் 1,500 பிட்டுகளே, அதாவது பூஜ்ய, ஒன்று இலக்கங்களே, உள்ளே சென்றன. 48 கிலோபைட் நினைவகம் நிரம்ப நான்கு நிமிடங்களுக்கு மேல் பிடித்தது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் முந்த வழியின்றி ஒன்றன்பின் ஒன்றாக ஏறுவதைப் போன்றதே இது. அந்நேரம் திரையோரத்தில் ஓடிய வண்ணக் கோடுகள், என்னைப் பொறுத்தவரை, விளையாட்டுக்கு இணையான அழகுடையவை. அப்போது எழும் கீச்சொலியைக் கருவியின் கோளாறு எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அவ்வொலியே விளையாட்டின் நிரல்.