மூலையில் கசியும் வெளிச்சம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வீடியோ எடிட்டிங் செய்வதற்காக இரண்டு வருடம் சேமித்து, 4கே திரையுள்ள விலை உயர்ந்த லேப்டாப் வாங்கினேன். முதல் நாள் இரவே விளக்கை அணைத்து, திரையைக் கறுப்பாக்கிப் பார்த்தேன். இடது கீழ்மூலையில் வெளிச்சம் கசிந்தது. மாற்றிக் கேட்டேன், கொடுத்தார்கள். இரண்டாவதில் கசிவு குறைவு. ஆனால் கீபோர்டில் காதை வைத்தால் மெல்லிய கீச்சொலி கேட்கிறது. மூடினால் ஒரு பக்கம் மயிரிழை தூக்கலாக இருப்பதுபோலவும் தெரிகிறது. திருப்பிக் கொடுக்க இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக்கூட நான் உரிக்கவில்லை. இவ்வளவு பணம் கொடுத்தவன் குறையில்லாத பொருளை எதிர்பார்ப்பது தவறா? கசிவின் போட்டோவை இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்,

போட்டோவைப் பார்த்தேன். மூலையில் சூரியன் உதிக்கிறது! இருட்டறையில் போன் கேமரா எப்போதும் செய்கிற வேலைதான் இது. வெளிச்சம் போதாத இடத்தில் அது இருப்பதைப் பல மடங்கு கூட்டித்தான் காட்டும். உங்கள் கண் பார்த்தது இதில் கால்வாசிகூட இருந்திருக்காது. முதலில் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் திரையைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வரும்.

எல்சிடி திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. லேப்டாப்பில் பெரும்பாலும் ஓரமாக எல்இடி விளக்குகள் வரிசையாக இருக்கும். அந்த வெளிச்சத்தை ஒரு தகடு திரை முழுக்கப் பரப்பும். முன்னால் உள்ள திரவப் படிகங்கள் அதை மறைத்தால்தான் கறுப்பு வரும், அதுவும் முழுக் கறுப்பாக வராது. சட்டகம் எங்காவது கொஞ்சம் இறுக்கினால் அந்த இடத்தில் வெளிச்சம் பிதுங்கும். மூடி மெலிந்து விளிம்பு குறுகக் குறுக, உள்ளே நெகிழ்ந்து கொடுக்க இடம் குறைகிறது. அந்த மெல்லிய மூடிக்காகத்தான் நீங்கள் கூடுதலாகப் பணம் கொடுத்தீர்கள்.

கீச்சொலியின் கதையும் அதேதான். பிராசஸருக்கு மின்சாரம் தரும் சுற்றில் சிறிய கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. அவற்றில் மின்னோட்டம் விரைவாக ஏறி இறங்கும்போது அவை அதிர்கின்றன, அது காதுக்கு எட்டுகிறது. வேகமான பிராசஸர் அதிக மின்சாரம் இழுக்கும், அதிகம் சூடாகும், ஃபேனும் சேர்ந்து இரையும். காற்றுக்கு இடம் விட்டுக் கட்டிய தடித்த, மலிவான பெட்டி பல நேரம் இதைவிட அமைதியாகவே இருக்கும்.

விலை ஏற ஏறக் குறைகள் உதிர்ந்துவிடும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். கொடுக்கிற பணம் வேகத்துக்கும் பிரகாசத்துக்கும் மெலிவுக்கும் போகிறது. மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தால் எங்காவது ஒன்று முனகத்தான் செய்யும். சரி, ஓஎல்இடி திரைக்கு மாறலாமே என்பீர்கள். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் மூலையில் கசிய எதுவும் இல்லை. ஆனால் வெளிச்சத்தைக் குறைத்தால் பல ஓஎல்இடி திரைகள் நுணுக்கமாக மினுங்கும், சிலருக்குத் தலைவலியே வரும். ஒரே படம் மாதக்கணக்கில் நின்றால் அதன் தடம் பதிந்துவிடவும் வாய்ப்புண்டு. நீங்கள் பயன்படுத்தும் எடிட்டிங் மென்பொருளின் பட்டைகள் நாள் முழுக்க ஒரே இடத்தில்தான் நிற்கும், இல்லையா?

ஒரு கணக்கும் சொல்கிறேன். உங்கள் 4கே திரை 3840க்கு 2160 என்றால், சுமார் 83 லட்சம் பிக்சல், அதாவது ஒளிப்புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குட்டிப் புள்ளிகள். ஆகமொத்தம் 2 கோடியே 48 லட்சத்துக்கும் மேல். 2001இல் வந்த ஐஎஸ்ஓ 13406-2 என்ற தரவிதி திரைகளை நான்கு வகுப்பாகப் பிரித்தது. ஒன்றுகூடப் பழுதாகக் கூடாது என்பது முதல் வகுப்பு. இரண்டாம் வகுப்பில், பத்து லட்சம் பிக்சலுக்கு எரிந்துகொண்டே இருப்பவை 2, அணைந்தே கிடப்பவை 2 வரை இருக்கலாம் என்றது. அந்த விதியை உங்கள் திரைக்கு வைத்துப் பார்த்தால் பதினாறு பிக்சல் செத்துக் கிடந்தாலும் அது தேறிவிடும். உங்கள் திரையில் எத்தனை? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒன்றுகூடச் சிக்கவில்லை போல, கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நானும் இந்த நோயில் படுத்தவன்தான். ஒரு லேப்டாப்பை மூன்று முறை மாற்றினேன். முதலாவதில் திரை லேசாக மஞ்சள். இரண்டாவதில் ஸ்பேஸ் பார் ஒரு ஓரத்தில் வேறு சத்தம் போட்டது. மூன்றாவதில் மூடியின் கீல் கிறீச்சிட்டது. நான்காவது வந்து மூன்றாம் நாள், கைக்கடிகாரக் கொக்கி உரசி டச்பேடின் பக்கத்தில் ஒரு விரல் நீளக் கீறல் விழுந்தது. ஒரு மணி நேரம் பேச்சே வரவில்லை. அப்புறம் அந்த மெஷினை நான் சோதித்ததே இல்லை, ஐந்து வருடம் ஓடியது.

இதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆப்பிள் 2015இல் பட்டர்ஃபிளை என்ற மெலிந்த கீபோர்டைக் கொண்டுவந்தது. தூசி போனால் எழுத்து விழாது, அல்லது இரண்டு தடவை விழும். புகார்கள் குவிந்தபிறகு 2018இல் இலவசமாகப் பழுதுபார்க்கும் திட்டத்தை அறிவித்தார்கள். 2019 கடைசியில் வந்த 16 அங்குல மேக்புக் ப்ரோவில் பழைய வகைக்கே திரும்பினார்கள். அன்று புகார் சொன்னவர்கள் யாரும் கீபோர்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவில்லை. கடிதம் அடிக்க உட்கார்ந்தார்கள், எழுத்து விழவில்லை. குறையைத் தேடிக்கொண்டு போனீர்களா, அது தானே வந்து வேலையைக் கெடுத்ததா என்றுதான் நான் பார்ப்பேன்.

ஆகவே அந்த பிளாஸ்டிக் தாளை உரித்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்க அது தடையாகுமா என்று மட்டும் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு மூன்று நாள் உங்கள் வீடியோவை எடிட் செய்யுங்கள், நீங்கள் வழக்கமாக உட்காரும் தூரத்தில், வழக்கமான விளக்கு வெளிச்சத்தில். அங்கிருந்தும் கீச்சொலி கேட்டால், இருட்டுக் காட்சியில் அந்த மூலை கண்ணை உறுத்தினால், கூச்சப்படாமல் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிவிடுங்கள். மூன்றாவது ஒன்றை மட்டும் கேட்காதீர்கள்.

மூடி விஷயத்தை நான் பேசவே இல்லை என்று நினைப்பீர்கள். கடிதத்தைப் படித்ததும் என்னுடையதை மூடிப் பார்த்தேன். இதுவும் ஒரு பக்கம் தூக்கலாகத்தான் இருக்கிறது, இன்றுதான் தெரிந்தது.