வாசகர் கேள்வி: பின்பக்கம் கனமான ஸ்டெபிலைசர் பார் போடலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சஸ்பென்ஷன் பற்றியவை. அதிலும் பின்பக்க ஸ்டெபிலைசர் பார் (இடது வலது சக்கரங்களை இணைத்து, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் இரும்புக் கம்பி; ஸ்வே பார் என்பதும் இதுதான்) பற்றி நிறையப் பேர் கேட்டிருப்பதால், இந்த இதழை முழுக்க அதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 2015 போலோ வைத்திருக்கிறேன். வேலை விஷயமாக அடிக்கடி கொல்லிமலை ஏறி இறங்குகிறேன். காரவள்ளி தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி நன்றாகச் சாய்கிறது, முன்பக்கம் வெளியே ஓடுகிறது. பின்னால் தடிமனான ஸ்வே பார் மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். 22 மி.மீ., 25 மி.மீ. இரண்டும் கிடைக்கின்றன. எதை வாங்கலாம்? (நாமக்கல் வாசகர்)

இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். அந்தக் கம்பி என்ன வேலை செய்கிறது என்று தெரியாமலே பலர் மாட்டிக்கொள்கிறார்கள், அது எனக்குக் கவலையாக இருக்கிறது.

வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களின் பாரம் குறைந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகிறது. எவ்வளவு போகும் என்பது வண்டியின் எடை, அந்த எடை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது, இடது வலது சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு அகலம், எவ்வளவு வேகமாகத் திருப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எந்த பார் போட்டாலும் இந்த மொத்தம் குறையாது. முன் அச்சுக்கு எவ்வளவு, பின் அச்சுக்கு எவ்வளவு என்ற பங்குதான் மாறும். பின்னால் கனமான பார் போட்டால் பின் அச்சின் பங்கு கூடி, முன் அச்சின் பங்கு குறைகிறது.

டயருக்கு ஒரு குணம் உண்டு. அதன் மேல் பாரம் இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்காகாது, அதற்குக் குறைவாகத்தான் கூடும். அதனால் ஒரே அச்சில் இருக்கும் இரண்டு டயர்களும் ஏறக்குறைய சமமாகச் சுமந்தால் மொத்தப் பிடிப்பு அதிகம். ஒன்று நிறையவும் மற்றது கொஞ்சமாகவும் சுமந்தால் மொத்தம் குறையும். ஆக, கனமான பின் பார் பின் டயர்களின் பிடிப்பைக் குறைத்து, முன் டயர்களுக்குக் கொஞ்சம் சேர்த்துத் தருகிறது. முன்பக்கம் ஓடுவது குறையும் என்று உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான். அதற்கான விலையைப் பின்பக்கம் கொடுக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எடை பின்னால் சாய்ந்து முன் சக்கரங்கள் லேசாகிவிடும். நீங்கள் சொல்லும் வெளியோட்டம் அங்கேதான் வருகிறது, அந்த இடத்தில் பின் பார் உதவும். அதே எழுபது வளைவுகளிலும் இறங்கியாக வேண்டுமே! இறக்கத்தில் எடை முன்னால் வந்து பின்பக்கம் லேசாக இருக்கும். மழை பெய்து தார் நனைந்திருக்கிறது, வளைவுக்குள் போன பிறகு பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடுகிறீர்கள் அல்லது பிரேக் மிதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே லேசான பின் சக்கரங்களின் பிடிப்பைத் தடித்த பார் இன்னும் குறைத்து வைத்திருக்கும். பின்பக்கம் வெளியே வீசும். முன்பக்கம் ஓடினால் வேகத்தைக் குறைத்து மீட்டுவிடலாம், ஓட்டுகிற யாருக்கும் அது இயல்பாகவே வரும். பின்பக்கம் வீசினால் மீட்கப் பழக்கம் வேண்டும், இடமும் வேண்டும். மலைப்பாதையில் அந்த இடம் கிடையாது.

அதனால் முதலில் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப்போய்ப் பிடிக்காது. அப்புறம் காற்றழுத்தம்: கதவுப் பக்கத்திலோ பெட்ரோல் மூடியிலோ ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள். முன்னால் மட்டும் காற்று குறைந்திருந்தாலே முன்பக்கம் ஓடும். பத்து வயது போலோவில் ஷாக் அப்சார்பரும், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ்களும் (ரப்பர் வளையங்கள்) மாற்றப்படாமல் இருந்தால் அவையும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஷாக்கில் எண்ணெய் கசிந்த ஈரம் இருக்கிறதா, வேகத்தடை தாண்டியதும் வண்டி ஒருமுறைக்கு மேல் ஆடுகிறதா என்று பாருங்கள். எங்கள் பட்டறைக்குப் பின் பார் கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் செய்து கொடுக்கிறேன். பலர் அதற்குப் பிறகு பார் பேச்சையே எடுப்பதில்லை.

இதெல்லாம் செய்தும் வேண்டும் என்றால் 22 போதும். காரணம் கணக்கில் இருக்கிறது. உருண்டைக் கம்பி முறுக்குக்கு எதிர்த்து நிற்கும் வலு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 22-க்கும் 25-க்கும் வித்தியாசம் மூன்றே மில்லிமீட்டர்தான், ஆனால் மற்ற அளவுகள் ஒன்றாக இருந்தால் 25 மி.மீ. கம்பி சுமார் 67 சதவீதம் விறைப்பு கூடியது. கடையில் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

இன்னொன்று, உங்கள் போலோவின் பின்னால் இருப்பது ட்விஸ்ட் பீம். 1974-ல் வந்த முதல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காரிலேயே இந்த அமைப்பு இருந்தது. இரண்டு பக்க ஆர்ம்களையும் இணைக்கும் குறுக்கு பீம் தானே முறுக்கிக்கொண்டு ஸ்டெபிலைசர் வேலையையும் பார்க்கிறது. ஆகவே பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டும் வேலை இங்கே கிடையாது. இருக்கும் பீமோடு இன்னொரு கம்பியைச் சேர்க்கிறீர்கள். போல்ட்டிலோ கிளாம்பிலோ நிற்கிற கிட் மட்டும் வாங்குங்கள். யாராவது பீமில் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றால் வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள். நாள் முழுக்க முறுக்கிக்கொண்டே இருக்கும் இரும்பில் வெல்டிங் சூடு பட்ட இடம்தான் பின்னாளில் விரிசல் விடும்.

வாங்கும்போது கம்பியின் இரண்டு முனைகளும் எங்கே மாட்டுகின்றன என்று கேளுங்கள். சக்கரத்தோடு ஏறி இறங்கும் ஆர்மில் மாட்டினால்தான் அது ஸ்டெபிலைசர். இரண்டு முனையும் பாடியில் மாட்டுகிற குறுக்குக் கம்பிகளையும் இதே பெயர் சொல்லி விற்கிறார்கள். அவை பாடியை இறுக்கும், சாய்வைக் குறைக்காது.

கேள்வி: என்னுடையது 2014 ஆக்டேவியா 1.8. பின்னால் மல்டிலிங்க் (ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பல ஆர்ம்கள் பிடிக்கும் அமைப்பு), கம்பெனி பார் இருக்கிறது. உள்ளே குழலாக இருக்கும் பார் ஒன்றும், முனையில் இரண்டு துளை போட்ட கெட்டி பார் ஒன்றும் பார்த்தேன். குழல் என்றால் வலு குறைவா? (கோயம்புத்தூர் வாசகர்)

நீங்கள் நினைக்கும் அளவுக்குக் குறையாது. முறுக்கை எதிர்ப்பதில் பெரும்பங்கு வெளி ஓரத்து இரும்புக்குத்தான், நடுவில் இருப்பது பெரிதாக எதுவும் செய்வதில்லை. 25 மி.மீ. விட்டத்தில் 4 மி.மீ. சுவர் உள்ள குழலை எடுத்துக்கொண்டால், அதே விட்டமுள்ள கெட்டிக் கம்பியைவிட விறைப்பு சுமார் 21 சதவீதம் குறைவு, எடையோ சுமார் 46 சதவீதம் குறைவு. நல்ல கம்பெனி குழல் பாரை நான் தயங்காமல் மாட்டுவேன். ஆனால் சுவர் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லத் தெரியாதவரிடம் வாங்க மாட்டேன். முனையைத் தட்டையாக்கித் துளை போட்ட இடமும், வளைவில் சுவர் மெலிந்த இடமும்தான் மட்டமான குழலில் முதலில் போகும்.

இரண்டு துளை விஷயம் எளிது. பாரின் முனையைச் சக்கரப் பக்க ஆர்மோடு இணைக்கும் சிறு கம்பிதான் லிங்க். பாரின் வளைவுக்கு அருகில் இருக்கும் துளையில் அதை மாட்டினால், பாரின் கை (வளைவிலிருந்து துளை வரை உள்ள பகுதி) நீளம் குறைந்து பார் விறைக்கும். முனையோரத் துளையில் மாட்டினால் இளகும். 250 மி.மீ. கை 225 ஆகும்போது விறைப்பு ஏறக்குறைய 23 சதவீதம் கூடுகிறது. நீங்கள் இளகின துளையில் தொடங்குங்கள். ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இரண்டு பக்கமும் ஒரே துளையில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை, ஆனாலும் மாறி மாட்டிய வண்டிகள் வருகின்றன, அதனால் சொல்கிறேன்.

உங்கள் வண்டியில் வேலை கொஞ்சம் பெரியது. பின் சப்ஃபிரேமை (பின் சஸ்பென்ஷனைத் தாங்கி, பாடியில் போல்ட் போட்டிருக்கும் சட்டம்) சிறிதளவு இறக்கினால்தான் பார் சிரமமில்லாமல் வெளியே வரும். அந்த சப்ஃபிரேம் போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கியதும் நீண்டு உட்காரும் வகை. கழற்றினால் புதியதுதான் போட வேண்டும், பழையதைத் துடைத்து மாட்டக் கூடாது. வேலை முடிந்ததும் நான்கு சக்கர அலைன்மென்ட் பாருங்கள். சப்ஃபிரேமை அசைக்காமல் பார் மட்டும் மாற்றுகிற வண்டிகளுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

கேள்வி: வீட்டிலேயே நானே மாட்டலாமா? ஜாக்கியும் ஸ்பானர் செட்டும் இருக்கின்றன. (திருநெல்வேலி வாசகர்)

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஜாக் ஸ்டாண்ட் இரண்டு, முன் சக்கரங்களுக்கு அண்டைக் கட்டைகள், டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பானர்) ஒன்று. இந்த மூன்றும் இருந்தால் தொடங்கலாம், இல்லாவிட்டால் வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் குழி (பிட்) இருக்கும் பட்டறைக்குப் போய்விடுங்கள்.

பின்பக்கத்தை இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் தூக்குங்கள். ஒரு சக்கரம் மட்டும் தொங்கினால் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், லிங்க் போல்ட் துளையில் சேராது, சுத்தியலால் தட்டத் தோன்றும். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தைய நாளே துரு எண்ணெய் விட்டு வையுங்கள். லிங்க் நட்டைத் திருப்பும்போது பந்து முனையும் கூடவே சுற்றும். அதன் நுனியில் ஆலன் கீ நுழையும் பள்ளமோ ஸ்பானர் பிடிக்கத் தட்டையான இடமோ இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு கழற்றுங்கள். லிங்க்குகள் பழையதாக இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். தடித்த பார் லிங்க் மேல் கூடுதல் விசை போடும், ஆட்டம் கண்ட லிங்க் சில மாதத்தில் டொக் டொக் என்று சத்தம் கொடுக்கும்.

புதிய பாருக்கு அதன் விட்டத்துக்கான புஷ்தான் வேண்டும். பழைய புஷ்ஷைப் பிதுக்கி மாட்டக் கூடாது. பாலியூரிதேன் புஷ் என்றால் உள்பக்கம் கிட்டோடு வரும் கிரீஸையோ சிலிகான் கிரீஸையோ தாராளமாகத் தடவுங்கள். வீல் பேரிங் கிரீஸ் வேண்டாம். பிராக்கெட்டை இறுக்கிய பிறகு, லிங்க் மாட்டும் முன் பாரைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் பிடித்தாற்போல் அசைய வேண்டும். அசையவே இல்லை என்றால் புஷ் அளவு தவறு. லிங்க்குகளைக் கடைசி இறுக்கு இறுக்குவது வண்டி தன் எடையில் நான்கு சக்கரத்திலும் நிற்கும்போதுதான். எவ்வளவு இறுக்குவது என்பதைக் கிட்டோடு வந்த தாளிலோ உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலிலோ பாருங்கள், கை அளவை நம்ப வேண்டாம்.

அப்புறம் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், சைலன்சர் குழாய், பெட்ரோல் டேங்க் எதிலாவது பார் உரசுமா என்று பாருங்கள். சக்கரம் தொங்கும்போது இருக்கும் இடைவெளி, பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் இருக்காது. இரண்டு நிலையிலும் பார்த்தாக வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் ரென்ச்சால் சோதியுங்கள்.

கேள்வி: இன்னோவா டாக்ஸி ஓட்டுகிறேன். ஏற்காடு, ஊட்டி டிரிப் அதிகம். பின்னால் கனமான பார் போட்டால் பயணிகளுக்கு வாந்தி குறையுமா? (சேலம் வாசகர்)

வேண்டாம் அண்ணா. உங்களுடையது பின் சக்கரம் இழுக்கும் வண்டி. பின் பாரை விறைப்பாக்கினால் வளைவில் உள்பக்கப் பின் சக்கரம் லேசாகி, ஏற்றத்தில் வளைவை விட்டு வெளியேறும்போது அங்கேயே சுற்ற ஆரம்பிக்கும். அதோடு, பார் இடது வலது சக்கரங்களைக் கட்டிப்போடுகிறது. ஒரு பக்கம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் அந்த உதை மறுபக்கமும் போய், பின் சீட்டில் இருப்பவர்களின் தலை பக்கவாட்டில் ஆடும். வாந்திக்கு அது நல்லதல்ல. கேரியரில் ஏற்றும் பெட்டிகளைக் குறையுங்கள், பின் ஷாக்குகளைச் சோதியுங்கள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து ஒரே சீராக ஸ்டியரிங் திருப்புங்கள். உங்கள் பயணிகளுக்கு வேண்டியது இதுதான்.

கேள்வி: பார் மாற்றினால் இன்சூரன்ஸ் பிரச்சினை வருமா? (மதுரை வாசகர்)

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. ஸ்டெபிலைசர் பார் அளவு ஆர்.சி.யில் எழுதும் விவரம் அல்ல. ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி வேறு விஷயம், தங்களுக்குச் சொல்லாத மாற்றத்தைக் காட்டி க்ளெய்மை இழுத்தடிக்க அவர்களுக்கு வழி கொடுக்கக் கூடாது. மாட்டும் முன்பே பில், பாகத்தின் எண் இரண்டையும் வைத்து மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்கி வையுங்கள். வாரன்டி இன்னும் ஓடுகிற வண்டி என்றால் டீலரிடமும் எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பழைய பாரையும் பிராக்கெட்டுகளையும் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் அதைத்தான் கேட்பார்.