எஸ்ஜிபிடி நார்மல், பிறகு ஏன் மாலை வரை மயக்கம்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64, ஈரல் சுருக்கம் (சிரோசிஸ்) இருக்கிறது. இரவில் தூங்காமல் புரள்கிறாரே என்று வீட்டில் கிடந்த டயஸிபாம் 5 மி.கி. தூக்க மாத்திரையைக் கொடுத்தோம். மறுநாள் மாலை வரை மயக்கமாகவே கிடந்தார். ஈரல் ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி நார்மல்தான். இனி பாதி மாத்திரையாகக் கொடுக்கலாமா? – வாசகி, மதுரை

பதில்: பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம்.

டயஸிபாமைக் கல்லீரல் என்சைம்கள் முதலில் நார்டயஸிபாமாக மாற்றுகின்றன. அதுவும் தூங்க வைக்கும் பொருள்தான். நல்ல ஈரல் உள்ளவருக்கே டயஸிபாமில் பாதி கழிய ஒன்றிரண்டு நாள் ஆகும். நார்டயஸிபாமுக்கு 100 மணி நேரம்கூட ஆகலாம். ஈரல் சுருங்கியவருக்கு இது இரண்டு மடங்குக்கு மேல் நீளும். தினமும் பாதி மாத்திரை கொடுத்தால், நேற்றையது கழிவதற்குள் இன்றையது சேர்ந்துகொண்டே போகும்.

லோரஸிபாம் என்ற இன்னொரு தூக்க மருந்து அப்படியல்ல. ஈரலில் குளுக்குரோனிக் அமிலம் என்ற பொருளோடு ஒரே படியில் இணைந்து சிறுநீரில் போய்விடும். ஈரல் நலிந்தாலும் அந்த வேலை ஓரளவு நடக்கும். தவிர்க்கவே முடியாதபோது மருத்துவர்கள் அதைத் தேர்வதும் அதனால்தான். 'அப்படியானால் அதை வாங்கிவிடலாம்' என்று கடைக்குப் போய்விடாதீர்கள். இந்த நோயில் மூளையே தூக்க மருந்துக்குக் கூடுதலாக மயங்கும்.

எஸ்ஜிபிடி ஈரல் செல்கள் சேதமாவதைக் காட்டுமே தவிர, ஈரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டாது. அதற்கு ரிப்போர்ட்டில் அல்புமின், பிலிருபின், ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் தன்மை) மூன்றையும் பாருங்கள்.

எனக்குக் கவலை தருவது மாத்திரையைவிட அந்தத் தூக்கமின்மைதான். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, ஈரல் நோயால் மூளை குழம்பத் தொடங்குவதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். கைகளை முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி, விரல்களை விரித்து அரை நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். கை திடீர் திடீரென்று தொய்ந்து படபடத்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். கையெழுத்து கோணலானாலும் அப்படியே.

மலச்சிக்கல், காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு இந்த மூளைக் குழப்பத்தைத் தூண்டும். மலமிளக்கியான லாக்டுலோஸ் சிரப் எழுதித் தந்திருந்தால், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை மலம் இளக்கமாகப் போகும் அளவு போதும். அதிகமாகக் கொடுத்து வயிற்றுப்போக்கானால், உடலில் நீர் வற்றி நிலைமை மோசமாகும். சளி மாத்திரை, இருமல் சிரப்பிலும் குளோர்பெனிரமின் போன்ற மயக்க மருந்து இருக்கும், கேட்காமல் கொடுக்காதீர்கள்.

எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை, பேச்சு குழறுகிறது, மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறது என்றால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப்போய், எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.