முதுகை அளந்துவிட்டுப் பையை வாங்குங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: செப்டம்பரில் ஸ்பெயினில் சாண்டியாகோ பாதயாத்திரை போகிறோம். பிரான்ஸ் எல்லையில் உள்ள சான் ஜான் பியே தெ போர் ஊரிலிருந்து சாண்டியாகோ தே கொம்போஸ்டெலா வரை ஏறக்குறைய 780 கி.மீ. நடை. ஆன்லைனில் 60 லிட்டர் பை தள்ளுபடியில் வந்தது, வாங்கிவிட்டேன். என் எடை 58 கிலோ. இந்தப் பை போதுமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: தாராளமாகப் போதும், அதுதான் சிக்கலே. 60 லிட்டர் பை என்பது கூடாரம், அடுப்பு, அரிசி பருப்பு எல்லாம் சுமந்து மலையேறுகிறவர்களுக்கானது. நீங்கள் போகும் வழியில் ஊருக்கு ஊர் 'ஆல்பெர்கே' எனப்படும் யாத்திரிகர் விடுதிகள் உண்டு. கட்டிலும் மெத்தையும் அங்கேயே இருக்கும், சாப்பாடும் வழியிலேயே கிடைக்கும். 30 முதல் 40 லிட்டர் பை இதற்குத் தாராளம். பெரிய பையில் இடம் மிச்சம் இருந்தால், கிளம்புகிற அன்று ராத்திரி வீட்டில் ஆளாளுக்கு ஒரு பொருளைத் திணித்து அதை நிரப்பிவிடுவார்கள்.

சுமை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது நெடுநடைக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. உங்களுக்கு 5.8 கிலோ. பை 1,200 கிராம், தூங்குபை 700, உடுத்தியது போக இரண்டு செட் துணி 1,200, மழைச்சட்டை 350, மருந்தும் சோப்பும் 500, செருப்பு 250, ஈரிழைத் துண்டு 150, போன் சார்ஜர், பவர் பேங்க் 450. ஆக 4.8 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்தால் கணக்கு முடிந்தது. தேங்காய்ப்பூத் துண்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஈரமானால் கனக்கும், மறுநாள் காலைக்குள் காயாது. ஈரிழைத் துண்டு ஒரு மணி நேரத்தில் காயும்.

திருப்பி அனுப்பக் கெடு இருந்தால் அந்தப் பையை அனுப்பிவிடுங்கள். அடுத்த பையை முதுகின் நீளம் பார்த்து வாங்க வேண்டும். தலையைக் குனிந்தால் பிடரிக்குக் கீழே ஓர் எலும்பு புடைக்கும். அங்கே தையல்காரர் டேப்பின் நுனியை வைத்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறக்கச் சொல்லுங்கள். இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் ஊன்றினால், கட்டைவிரல்கள் பின்பக்கம் எந்த மட்டத்தில் இருக்கின்றனவோ அதுவரை அளவு. பொதுவாக 43 செ.மீ.க்குக் கீழே சிறிய அளவு, 43–48 நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. கம்பெனிக்குக் கம்பெனி இது கொஞ்சம் மாறும் என்பதால் அவர்களுடைய அட்டவணையையும் பாருங்கள். ஆள் உயரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், மற்றவருக்கு முதுகு நீளம்.

கடையில் காலிப் பையை மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை. ஆறு கிலோ எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். முதலில் எல்லா வார்களையும் தளர்த்துங்கள். இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் உட்கார வைத்து இறுக்குங்கள். பிறகு தோள் வார். அதன் பிறகு தோளுக்கு மேலே பையின் உச்சியோடு இணையும் சிறு வார். இது ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் நிற்க வேண்டும். கடைசியாக நெஞ்சு வார், காறையெலும்புக்கு இரண்டு மூன்று செ.மீ. கீழே. தோள் வாரை முதலில் இறுக்கிவிட்டால் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். பிறகு பாரம் முழுக்கத் தோளில்தான். இரண்டாம் நாள் விரல்கள் மரத்துப்போகும். தோளுக்கும் வாருக்கும் நடுவில் மேல்பக்கம் இடைவெளி தெரிந்தால் பை உங்களுக்கு நீளம். பெண்களுக்கென்று வளைந்த தோள் வாரும் சரிவான இடுப்புப் பட்டையும் வைத்துத் தைத்த பைகள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

பலர் கவனிக்காதது ஒன்று: இடுப்புப் பட்டைக்கு அடியில் சுடிதார் நாடா முடிச்சோ அரைஞாண் கயிறோ இருந்தால் பத்துக் கிலோமீட்டரில் தோல் உரிந்துவிடும். எலாஸ்டிக் இடுப்பு உள்ள காற்சட்டை நல்லது.

ஒத்திகைக்குக் காரைக்குடியிலிருந்து குன்றக்குடி சுமார் 10 கி.மீ. ஒரு கிலோ அரிசி மூட்டைகளாக ஆறு கட்டிப் பையில் போட்டு நடந்து, அப்படியே மலைப்படியும் ஏறி இறங்குங்கள். இறங்கும்போது பை முதுகில் ஆடினால் எடை வெளிப்பக்கம் இருக்கிறது என்று பொருள். கனமானது முதுகை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே வர வேண்டும், தூங்குபை அடியில்.

கேள்வி: அதே பையை விமானத்தில் கையோடு கொண்டுபோவதா, லக்கேஜில் போடுவதா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: இன்டிகோவில் கைப்பை அளவு 55×35×25 செ.மீ., 7 கிலோ. ஏர் ஏசியாவில் 56×36×23, அதே 7 கிலோ. எடையில் நீங்கள் தேறிவிடுவீர்கள். உயரத்தில்தான் இடிக்கும். முதுகுச் சட்டம் வைத்த 40 லிட்டர் பைகள் பலவும் 60 செ.மீ.க்கு மேல், சட்டத்தை மடக்க முடியாது. விமானத்துக்காக முதுகுக்குப் பொருந்தாத குட்டைப் பை வாங்குவது வீண். பறப்பது ஒரு நாள், நடப்பது ஒரு மாதத்துக்கு மேல்.

நடைக்கம்பு எடுத்துப்போனால் அதைக் கேபினுக்குள் விடமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் ஒன்றை லக்கேஜில் போட்டாக வேண்டும் என்றால் பையையே போட்டுவிடலாம். கம்பு இல்லாதவர்கள், சட்டமில்லாத 30–35 லிட்டர் பையைக் கையோடு வைத்துக்கொள்வது நல்லது. ஐரோப்பாவுக்குள் மலிவு விமானத்தில் மாறிப் போகிறீர்கள் என்றால் டிக்கெட்டை மறுபடி படியுங்கள். பலவற்றில் இருக்கைக்கு அடியில் நுழையும் சிறு பைக்கு மட்டும்தான் கட்டணம் கிடையாது.

லக்கேஜில் போடும் பைக்கு எமன் கன்வேயர் பெல்ட்தான். தொங்கும் வார் உருளையில் சிக்கினால் பக்கிள் நொறுங்கும், சில நேரம் தையலே பிய்ந்து வரும். இடுப்புப் பட்டையைப் பின்பக்கமாகத் திருப்பிப் பையைச் சுற்றி மாட்டுங்கள். மற்ற வார்களை முழுக்க இழுத்து, நுனிகளைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள். பிறகு மொத்தத்தையும் பெரிய நைலான் பைக்குள் இறக்கி வாயைக் கட்டுங்கள். சாக்கில் போட்டுக் கோணி ஊசியால் தைப்பது நம் பக்கத்துப் பழக்கம். பாதுகாப்புச் சோதனையில் திறக்கச் சொன்னால் தையலைப் பிரிக்க வேண்டிவரும். பிளாஸ்டிக் டேக் போதும். பாஸ்போர்ட், மருந்து, ஒரு மாற்றுத்துணி, பவர் பேங்க் ஆகியவை கையிலேயே இருக்கட்டும். நடக்கும் ஷூவைக் காலில் போட்டுக்கொண்டே ஏறுங்கள். பை இரண்டு நாள் கழித்து வந்தாலும் சமாளிக்கலாம். பழகிய ஷூவுக்கு மாற்று எந்த ஊர்க் கடையிலும் கிடைக்காது.

பவர் பேங்க் லக்கேஜில் கூடவே கூடாது. 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-மணி. 100 வரை பிரச்சினை இல்லை.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து மகன் வருகிறான். தைப்பூசத்துக்கு அவன் அப்பச்சியோடு பழனிக்கு நடக்கிறான். இங்கேயும் பெரிய பை வேண்டுமா?
– ஆச்சி ஒருவர், கானாடுகாத்தான்

பதில்: வேண்டாம், ஆச்சி. குழுவோடு வண்டி வருமா என்று முதலில் கேளுங்கள். வந்தால் துணியும் ஜமுக்காளமும் வண்டியில் போய்விடும். தோளுக்கு 15–20 லிட்டர் பை போதும். தண்ணீர், துண்டு, மருந்து, டார்ச், ஒரு சட்டை. வண்டி இல்லையென்றால் 30 லிட்டர்.

இந்த நடையில் பெரிய ஆபத்து வாகனம். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று போவது தார்ச்சாலை. வெயிலுக்கு முந்த விடியுமுன்னே கிளம்புவார்கள். கறுப்புப் பை இருட்டில் லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியாது. பையின் முதுகுப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு ஒளிரும் பட்டை இரண்டு வரிசை தைத்து, சைக்கிள் கடையில் விற்கும் சிவப்பு மினுக்கு விளக்கு ஒன்றை மாட்டிவிடுங்கள். ஒட்டும் ஸ்டிக்கர் பனியில் உரிந்துவிடும், தைப்பதே நல்லது. செட்டிநாட்டில் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது என்றாலும், மகன் இறங்க வேண்டியது திருச்சியோ மதுரையோதான். வந்த மறுநாளே நடக்க விடாதீர்கள்.

கேள்வி: பைக்குள் எதையெல்லாம் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்?
– வாசகர், காரைக்குடி

பதில்: கற்பூரம் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள், கைப்பை, லக்கேஜ் இரண்டிலும் ஆகாது. கொப்பரையும் லக்கேஜில் ஆகாது, எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. வேல் கூராக இருந்தால் லக்கேஜில். பஞ்சாமிர்த டப்பா பசை வகையில் சேரும், 100 மி.லி.க்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, துணிக்கு நடுவே லக்கேஜில் வையுங்கள். ஊறுகாய், மிளகாய்ப் பொடிக்கும் அங்கேதான் இடம்.

காவடியிலிருந்து ஒரு மயில் தோகையை ஞாபகமாக எடுத்துப்போகச் சிலர் நினைப்பார்கள். தானாக உதிர்ந்த தோகையை உள்நாட்டில் வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகச் சட்டம் இடம் தரவில்லை. ஐரோப்பா போகிறவர்கள் உப்புக்கண்டம், நெய், பால்கோவாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவர அங்கே தடை. தேன்குழல் தாராளமாகப் போகும், என்ன, சாண்டியாகோ சேரும்போது தூளாகியிருக்கும்.

கேள்வி: நடுவழியில் இடுப்புப் பட்டைப் பக்கிள் உடைந்தால்?
– வாசகர், குன்றக்குடி

பதில்: வாரின் அகலத்தை இப்போதே அளந்து (பெரும்பாலும் 25 அல்லது 38 மி.மீ.), அதே அளவில் தையலில்லாமல் மாட்டும் பக்கிள் ஒன்று வாங்கி மருந்துப் பையில் போட்டுவையுங்கள். 20 கிராம் வராது. தையல் பிரிந்தால் பல் இடுக்கு நூலும் தடித்த ஊசியும் போதும். சாதா நூல் அரை நாள் தாங்காது.